கடைசி எண் இல்லாத லேபிள்

அத்தியாயம் 5

சிந்துஜாவின் மேஜை மேல் இரண்டு பாட்டில்கள் நின்றன. இரண்டிலும் ஒரே லேபிள்: ‘கன்னியம்மாள் கால்வலித் தைலம், அடி அண்ணாமலை’. ஒன்று, கிரிவலம் வந்தவர்களின் கால் வலியைப் பன்னிரண்டு வருடமாக ஆற்றி வந்த தைலம். மற்றொன்று, முந்தாநாள் பௌர்ணமியில் பதினோரு பேரின் பாதங்களைப் பொசுக்கிய தைலம்.

பதினோராவது ஆள் போளூரிலிருந்து வந்த ஆதிமூலம். அறுபத்தைந்து வயது, சர்க்கரை நோயாளி. மற்றவர்களுக்கு எரிந்தது, கழுவிவிட்டார்கள். அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி கம்மி. நல்ல மருந்து என்று நம்பி மூன்று முறை தேய்த்துக்கொண்டு மலையைச் சுற்றியிருக்கிறார். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். என்ன கலந்த எண்ணெய் என்று தெரிந்தால் வைத்தியம் சுலபமாகும் என்று டாக்டர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். கன்னியம்மாளால் பதில் சொல்ல முடியவில்லை. அது அவள் காய்ச்சிய எண்ணெயே இல்லை.

ஆனால் அதை நம்ப யாரும் தயாராக இல்லை. ஆதிமூலத்தின் மகன் இளவரசன் நேற்று கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்கு வந்து அவளுடைய சின்னக் கடையை அடித்து நொறுக்கிவிட்டுப் போனான். பிறகு போலீஸ் வந்து அவளை அழைத்துப் போனது. இன்று மாலை நான்கு மணிக்கு அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று இன்ஸ்பெக்டர் ராமன் சொல்லிவிட்டார். இப்போது மணி பன்னிரண்டு.

இந்த வழக்கில் சிந்துஜாவை யாரும் அமர்த்தவில்லை. நான்கு மாதத்துக்கு முன் வேலூரிலிருந்து வந்து, தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். வந்த முதல் வாரம் கிரிவலம் போனபோது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அடி அண்ணாமலையில் உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மாள் கடையை விட்டு எழுந்து வந்து, யார் எவர் என்று கேட்காமல் அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துவிட்டாள். அது போதும் சிந்துஜாவுக்கு.

“மேடம், அந்த பாட்டிலை அப்படி முறைக்காதீங்க. தைலம் கொதிச்சுடப் போவுது,” என்றான் சுரேஷ்குமார். அவளுடைய உதவியாளன். நாற்பது வயதில் மூன்று வேலைகளை விட்டுவிட்டு வந்தவன். மூன்றையும் விட்டது தன் வாயால்தான் என்று அவனே பெருமையாகச் சொல்லுவான்.

“கோவம் வருது சுரேஷ். செருப்பு இல்லாம சாமியைச் சுத்தற காலு. அந்தக் காலுக்கு விஷம் வித்திருக்கான்.”

அவள் லேபிள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். எழுத்து, நிறம், அளவு எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் இரண்டே இடத்தில். கன்னியம்மாளின் லேபிளில் ‘தயாரித்த தேதி’ என்ற இடம் காலியாக அச்சாகி, அதில் நீல மையில் பேனாவால் தேதி எழுதப்பட்டிருந்தது. வாரத்துக்கு ஒரு சட்டி மட்டும் காய்ச்சுகிறவள் அப்படித்தான் எழுதுவாள். போலி லேபிளில் தேதி அச்சிலேயே இருந்தது, பௌர்ணமிக்கு முந்தின நாள். இரண்டாவது வித்தியாசம், போலியில் போன் நம்பரின் கடைசி எண் காணோம். ஒன்பது எண்தான் இருந்தது.

பறிமுதல் செய்த போலி பாட்டில்கள் ஸ்டேஷனில் இருபது இருந்தன. சுரேஷ் அவற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஏழில் கடைசி எண் இல்லை, பதிமூன்றில் முழு நம்பரும் இருந்தது என்றான். “மூணுல ஒருத்தர் போன் பண்ணித் திட்டக்கூட முடியாது. வில்லன் ரொம்ப யோசிச்சிருக்கான் மேடம்.”

“யோசிக்கல. அவசரப்பட்டிருக்கான்,” என்றாள் சிந்துஜா. லேபிளின் மேல்பக்கம் இரண்டு பாதங்களின் படம். அதையே சிறிது நேரம் பார்த்தாள். “இந்தப் படத்தைப் பாரு. ரெண்டுமே இடது காலு.”

சுரேஷ் குனிந்து தன் கால்களைப் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டான். ஆமாம், இரண்டும் இடது கால்தான். உண்மையான லேபிளிலும் அப்படித்தான், போலியிலும் அப்படித்தான். 

*

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கணினியும் பிரிண்டரும் வைத்து மனு, விண்ணப்பம், விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்கிறவர் சக்திவேல். கன்னியம்மாளின் லேபிள் அவர் செய்தது. இவர்களைக் கண்டதுமே அவருக்கு முகம் சிவந்துவிட்டது. காலையிலிருந்து போலீஸ், பத்திரிகைக்காரர், போளூர்க்காரர் என்று ஆளாளுக்கு வந்து அவர் கடையை விஷக் கடை போலப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். வாடிக்கையாளர் இரண்டு பேர் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

சிந்துஜா அவரைப் பேசவிட்டாள். ஓய்ந்ததும், ஒரு வேலை தெரிந்தவரிடம் கேட்கிற மரியாதையோடு, அந்த லேபிளை எப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அந்த மரியாதை அவரை இளக்கியது. நாற்காலி இழுத்துப் போட்டு, கணினியில் வேர்ட் நிரலைத் திறந்து காட்டினார்.

வேர்டில் லேபிளுக்கென்றே அளவெடுத்த பக்கம் உண்டு. ஒரு தாளில் குறுக்கே மூன்று, நெடுக்கே எட்டு, ஆக இருபத்துநாலு கட்டம். முதல் கட்டத்தில் எழுத்தும் படமும் சரிசெய்துவிட்டால் மற்றவற்றில் அப்படியே நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் சின்ன பிரிண்டர்கள் தாளின் ஓரம் வரை அடிக்காது. வலது ஓரத்தைக் கடித்துவிடும்.

“அதனால வலது ஓரத்துல இருக்கற எட்டு கட்டத்தையும் நான் காலியா உட்ருவேன். தாளுக்குப் பதினாறுதான் அடிப்பேன். அந்தம்மா நம்பர்ல ஒரு எண்ணு போச்சுன்னா ஒரு ஆர்டர் போச்சு இல்லீங்களா?”

“போலி அடிச்சவன் அந்தக் காலி எட்டையும் நிரப்பியிருக்கான்,” என்றாள் சிந்துஜா. “அதான் மூணுல ஒண்ணு கடிபட்டிருக்கு. அது சரி, அந்தப் பாதம்?”

சக்திவேல் தலையைச் சொறிந்தார். ஒரு பாதத்தின் படம்தான் கிடைத்தது, அதையே இரண்டு தடவை ஒட்டிவிட்டேன், இதுவரை யாரும் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். லேபிளை ஸ்கேன் செய்து எடுத்திருக்கலாம் அல்லவா என்று சுரேஷ் கேட்டதற்கு, அவர் போலி லேபிளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஸ்கேன் செய்தால் எழுத்தின் விளிம்பு மங்கிவிடும். இதில் பிசிறே இல்லை. தேதி வேறு அதே எழுத்தில் சேர்த்திருக்கிறான். அவன் கையில் இருந்தது லேபிள் இல்லை, வேர்ட் ஃபைலேதான்.

ஃபைல் யாரிடம் போனது? சக்திவேல் தன் போனைத் திறந்து நீட்டினார். ஒரே ஒரு முறை, இரண்டு மாதம் முன்பு, கன்னியம்மாளே கேட்டாள் என்று அவளுடைய போனுக்கு அனுப்பியிருந்தார். எதற்கென்று அவள் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் சுரேஷ் வண்டியை எடுக்காமல் நின்றான். “மேடம், இது நமக்கு நல்லதா கெட்டதா?”

“ஸ்டேஷனுக்கு விடு,” என்றாள் சிந்துஜா. லேபிள் சம்பந்தமாக யாருக்காவது எதையாவது கொடுத்தீர்களா என்று நேற்றே அவள் கேட்டிருந்தாள். இல்லை என்று கன்னியம்மாள் தலையாட்டியிருந்தாள்.

*

ஸ்டேஷன் பெஞ்சில் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த தேநீர் பக்கத்தில் ஆறிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் ராமன் பத்து நிமிடம் கொடுத்தார். கெட்டவர் இல்லை. ஆனால் போளூரிலிருந்து இரண்டு வேன் ஆட்கள் வந்து வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள், அவர் யாருக்காவது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சிந்துஜா பக்கத்தில் உட்கார்ந்து, ஃபைலை யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டாள். யாருக்கும் இல்லை என்றாள் கன்னியம்மாள். எதற்கு வாங்கினீர்கள் என்றாள். சும்மா என்றாள். அப்படியானால் போனில் பார்த்துவிடலாமா என்றாள். அதற்கு அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

சிந்துஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுட்டது.

“அக்கா, நீங்க யாரையோ காப்பாத்தறீங்க. அங்க ஒரு பெரியவருக்குக் காலு போயிடும் போல இருக்கு. உங்க மௌனமும் அந்தக் கால்ல தேய்ச்ச எண்ணெய் மாதிரிதான்.”

கன்னியம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்போ ஒரு ஆட்டோவும் கிடைக்கல. அவரைத் தோள்ல தூக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடுனது அந்தத் தம்பிதான். ஊதுபத்தி போடறேன் அக்கா, லேபிளு அளவு மட்டும் வேணும்னு கேட்டான். எப்படிம்மா இல்லன்னு சொல்றது? அவன் அப்படிப்பட்டவன் இல்ல. அவன் பேரை நான் போலீஸ்ல சொன்னா, என் புருசனைத் தூக்கின தோளுக்கு நான் என்ன மரியாதை பண்ணேன்?”

கடைசியில் சிந்துஜாவின் காதோடு பெயரைச் சொன்னாள். அருண்பிரசாத். ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலையில், வெளியூர்க்காரர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறவன். பௌர்ணமிக்கு முன்பு உங்களிடம் வேறு ஏதாவது கேட்டானா என்று சிந்துஜா கேட்டாள். மொத்தமாக இருநூறு பாட்டில் கேட்டானாம். கையால் காய்ச்சுவது, அவ்வளவு முடியாது என்று சொல்லிவிட்டாளாம். பரவாயில்லை அக்கா என்று சிரித்துவிட்டுத்தான் போனானாம்.

மணி இரண்டே கால்.

*

அருண்பிரசாத்தின் வரவேற்பறை சுத்தமாக இருந்தது. மேஜையில் கணினி, பக்கத்தில் பிரிண்டர், சுவரில் அண்ணாமலையார் படம், அதன் கீழ் ஒரு மரத்தட்டில் விளக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு. நெற்றி நிறைய விபூதி. கேட்காமலே இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

தங்க வந்தவர்களைப் போல அறை விசாரித்தார்கள். பிறகு சுரேஷ், அவசரமாக ஒரு விசிட்டிங் கார்டு வேண்டும், ஊரில் எங்கே அடிப்பார்கள் என்று இழுத்தான். தானே அடித்துத் தருவதாக அருண்பிரசாத் சொன்னான். தங்குகிற விருந்தாளிகளுக்கு அவ்வப்போது செய்து கொடுப்பதுண்டாம்.

“என்ன பேரு, என்ன தொழில் போடணும் சார்?”

“சுரேஷ்குமார். கிரிவல நடைப் பயிற்சியாளர்,” என்றான் சுரேஷ், கண் இமைக்காமல். “கீழ ஒரு வரி, ‘நீங்கள் நடந்தால் போதும், மூச்சு நான் வாங்குகிறேன்’.”

அருண்பிரசாத் சிரித்துக்கொண்டே வேர்டில் கார்டு அளவுப் பக்கத்தைத் திறந்தான். விரல்கள் பழகின விரல்கள். ஒரு கட்டத்தில் தட்டினான், பத்துக் கட்டத்திலும் நிரப்பினான், கெட்டியான தாளைச் செருகினான். வெளியே வந்த தாளில், வலப்பக்கத்து ஐந்து கார்டுகளிலும் போன் நம்பரின் கடைசி எண் கடிபட்டிருந்தது.

சுரேஷ் சிந்துஜாவைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள். வேண்டாம், இது போதாது. சக்திவேலின் பிரிண்டரும் இப்படித்தான் கடிக்கும், ஊரில் பாதி பிரிண்டர்கள் கடிக்கும்.

மன்னிக்கச் சொல்லி, அளவைத் திருத்தி, அருண்பிரசாத் வேறு தாள் அடித்தான். இந்த முறை சரியாக வந்தது. கார்டுகளைக் கத்தரித்தான். முதல் கட்டத்துக் கார்டை மட்டும் தனியாக எடுத்தான். விரலில் குங்குமம் தொட்டு அதன் மூலையில் வைத்து, அண்ணாமலையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, கண்களை மூடி ஒரு கணம் நின்றான்.

“பத்து கேட்டேன், ஒம்போதுதான் இருக்கு,” என்றான் சுரேஷ்.

“மொதல்ல வர்றது சாமிக்கு சார். எங்க அப்பா காலத்துலர்ந்து பழக்கம். கல்யாணப் பத்திரிகைன்னாலும் சரி, கார்டுன்னாலும் சரி. எதுக்குமே தவறினதில்ல.”

சிந்துஜா தண்ணீர் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“எதுக்குமேவா?” என்றாள்.

அவன் சிரித்தபடியே திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அவள் தான் யாரென்று சொன்னாள். கன்னியம்மாள் ஃபைலை யாருக்கு அனுப்பினாள் என்பதையும் சொன்னாள். அவன் மறுத்தான். ஊதுபத்திக்குத்தான் வாங்கினேன், அக்கா எனக்குத் தாய் மாதிரி, வேண்டுமானால் கணினியைத் தேடிப் பாருங்கள் என்றான். அவள் தேடவில்லை. பின்கட்டில் தென்னை ஓரமாகப் புதிய சாம்பல் குவியல் இருப்பதை வரும்போதே பார்த்திருந்தாள். கணினியிலும் அப்படித்தான் துடைத்திருப்பான். அவள் வாசற்படிக்குப் போய் இன்ஸ்பெக்டர் ராமனுக்குப் போன் செய்தாள். பத்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார்.

“மேடம்,” என்று சுரேஷ் அவள் காதருகே பதறினான். “படம் அவன் கைக்கெட்டற தூரத்துல இருக்கு. பத்து நிமிஷத்துல பின்னால இருக்கற லேபிளை எடுத்து வாயில போட்டு முழுங்கிடுவான். நான் போய் மறிச்சு நிக்கறேன்.”

“வேணாம். நாம தொட்டா நாமே வெச்சதுன்னு சொல்லுவான். அவனே நிக்கட்டும்.”

இருவரும் வாசற்படியில் நின்றார்கள். உள்ளே அருண்பிரசாத் படத்துக்கு முன்னால் நின்றான். ஒரு முறை கையைத் தூக்கினான். சட்டத்தின் விளிம்பு வரை கை போனது. பிறகு சூடு பட்டது போல இறங்கியது. சாலையில் ஒரு பேருந்து போனது. மறுபடி கை எழுந்தது. இந்த முறை பாதியிலேயே நின்றது. அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சுரேஷுக்குக் கேலி எதுவும் தோன்றவில்லை. 

ராமன் இரண்டு காவலர்களோடு வந்தார். சிந்துஜா சொன்னபடி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படத்தைச் சாய்த்துப் பின்னால் கைவிட்டார். சுரேஷின் கார்டு வந்தது. ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்தது. அறை வாடகைச் சீட்டு ஒன்று, ஊதுபத்தி லேபிள் ஒன்று. கடைசியாக, மூலையில் குங்குமம் காய்ந்த ஒரு லேபிள். இரண்டு இடது பாதங்கள். ‘கன்னியம்மாள் கால்வலித் தைலம்’. தேதி பேனாவில் இல்லை, அச்சில் இருந்தது. பௌர்ணமிக்கு முந்தின நாள்.

சிந்துஜா தரையில் உட்கார்ந்திருந்தவன் முன் குனிந்தாள்.

“தாளை எரிச்சே. பாட்டிலை எரிச்சே. ஃபைலை அழிச்சே. சாமிக்கு வெச்சதை மட்டும் தொட முடியல உன்னால. அந்த பயத்துல ஒரு துளி, அந்தப் பெரியவர் காலைப் பார்த்து வந்திருக்கக் கூடாதா?”

*

ஸ்டேஷனில் அவன் வாயைத் திறக்கவில்லை. வக்கீலாக இருக்கும் உறவினன் போனில், ஒரு வார்த்தை பேசாதே என்று சொல்லிவிட்டானாம். லேபிள் அடித்தான் என்பதற்குச் சாட்சி இருந்தது. எண்ணெயில் என்ன கலந்தான் என்பதற்கு எதுவும் இல்லை. ராமன் மிரட்டிப் பார்த்தார். டாக்டரிடமிருந்து மூன்றாவது முறையாகப் போன் வந்தது. சிந்துஜா சுவரோரமாக நின்று பல்லைக் கடித்தாள். அத்தனை பேர் கோபமும் அவன் மேல் கொட்டியது, அவனோ கல்லைப் போல உட்கார்ந்திருந்தான்.

நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ராமன் கன்னியம்மாளிடம் சொன்னார். அவள் எழுந்தாள். வாசல் பக்கம் போகவில்லை. நேராக அருண்பிரசாத்தின் முன்னால் போய் நின்றாள். இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்த கண்களில் இப்போது நீரே இல்லை. ஓங்கி ஒரு அறை விடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விட்டிருந்தால் ராமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருப்பார்.

“என் பேரைக் கெடுத்தே. அதைப் பொறவு பேசிக்கலாம்,” என்றாள். குரல் கடுமையாக இருந்தது. “எங்க வூட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போனப்போ, டாக்டரு என்ன சாப்ட்டாரு, என்ன மாத்திரைன்னு கேட்டாரு. எனக்கு நாக்கு எழல. நீதான் எல்லாத்தையும் சொன்னே. இப்பவும் ஒரு டாக்டரு கேக்கறாரு. சொல்லு, அதுல இன்னா கலந்தே?”

அருண்பிரசாத் தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் பேசினான். சுள்ளென்று ஏற வேண்டும் என்பதற்காகப் பெயிண்ட் கடையில் வாங்கிய டர்பன்டைன், மிளகாய் விதையிலிருந்து எடுத்த எண்ணெய், மீதிக்கு மலிவான பாமாயில். எது எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னான். ராமன் கொடுத்த தாளில் சுரேஷ் எழுதிக்கொண்டே வந்தான். அடியில் அருண்பிரசாத்தின் பெயரை எழுதி ராமன் கையெழுத்துப் போட்டதும் கன்னியம்மாள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துக்கொண்டாள். ராமன் அதற்குள் டாக்டருக்குப் போனில் சொல்லத் தொடங்கிவிட்டார். இருந்தாலும் எழுதினதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள் அவள். அவள் பெயர் ஒட்டிய பாட்டிலில் இருந்தது அல்லவா அது.

கன்னியம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, போலீஸ் ஜீப்பையும் முந்திக்கொண்டு சுரேஷ் ஸ்கூட்டரை ஓட்டினான். பின்னால் சிந்துஜா ஆட்டோவில் வந்தாள்.

ஆஸ்பத்திரியின் அந்தத் தாழ்வாரம் முழுக்கப் போளூர்க்காரர்கள். கன்னியம்மாளை அடையாளம் கண்டு முதலில் ஒரு பெண் எழுந்தாள், பிறகு நான்கு பேர், பிறகு சுவர் போல எல்லோரும். நடுவில் இளவரசன். அவனுடைய வலது கையில் துணிக்கட்டு இருந்தது. அவளுடைய கடைக் கண்ணாடியை உடைத்தபோது கிழித்துக்கொண்ட கை.

சுரேஷ் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தான். கன்னியம்மாள் அவனை விலக்கிவிட்டுத் தாளை நீட்டினாள்.

“உங்கப்பா கால்ல பட்டது இதுதான் தம்பி. டாக்டரு எங்க இருக்காரு?”

இளவரசன் தாளை வாங்கிப் படித்தான். படித்ததை மறுபடி படித்தான். அடியில் அருண்பிரசாத்தின் பெயரும் இன்ஸ்பெக்டரின் கையெழுத்தும் இருந்தன. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு தன் ஆட்களின் பக்கம் திரும்பி, தாழ்வாரத்தின் கடைசி வரை கேட்கும்படி சொன்னான்.

“வழி உடுங்க. தைலக்கார அம்மா வர்றாங்க.”